ஒற்றை எழுத்தும் ஒரு நாள் அலைச்சலும்

(காரைக்காலில் அலுவலக, கணினிப் பயிற்சி வகுப்பின் முதல் நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும், இதைக் கைப்பேசியில் படிக்கப்போகிற உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன். இங்கே வந்திருப்பவர்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இருக்கிறீர்கள், பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைக்கிற நேரத்தில் ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று வந்த சகோதரிகளும் இருக்கிறீர்கள். “கம்ப்யூட்டர் கத்துக்கிட்டா ஒரு கிளார்க் வேலையாவது கிடைக்காதா?” என்பதுதான் பலருடைய மனதில் இருக்கிற கேள்வி. அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த “யாவது” என்ற சொல்லை மட்டும் இன்றைக்கு இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்வேன். ஏன் என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

ஏழு எழுத்தும் ஐந்து எழுத்தும்

நான் எழுத்தராகச் சேர்ந்த புதிது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. நிரவிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்துவிட்டார், சான்றிதழ் வேண்டும். கணவரின் பெயர் முத்து. அவர் கொண்டுவந்த பழைய தாளில் அந்தப் பெயர் எம், ஓ, யு, டி, டி, ஓ, யு என்று ஏழு எழுத்தில் இருந்தது. நான் பார்த்தேன். “என்ன இது, தப்பும் தவறுமா எழுதியிருக்காங்க” என்று நினைத்து, எம், யு, டி, எச், யு என்று ஐந்து எழுத்தில் அழகாக அடித்துவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைப்பு. சான்றிதழ் அச்சாகி, கையெழுத்தாகி, முத்திரையும் விழுந்தது.

சில வாரம் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தார். கணவரின் ஓய்வூதியத் தாள்களில் ஏழு எழுத்து, நான் கொடுத்த சான்றிதழில் ஐந்து எழுத்து. “இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் கொண்டுவாங்க” என்று சொல்லிவிட்டார்கள். திருத்த மனு எழுத ஒரு நாள், கையெழுத்துக்கு ஒரு நாள், திருத்திய சான்றிதழை வாங்க ஒரு நாள், புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்வர ஒரு நாள். காரைக்காலிலிருந்து புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு மேல். போக வர ஒரு பகல் முழுதும் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “தம்பி, அவரு பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியாதுப்பா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்கு நிமிடத்துக்கு 45 சொல் வேகம். தட்டச்சில் முதுநிலைத் தேர்ச்சி. அந்த வேகத்தால் அவருக்கு என்ன பயன்?

எழுத்தர் வேலையில் வேகம் பாதிதான். இருப்பதை இருப்பது போலவே பதிவதும், சந்தேகம் வந்தால் கேட்பதும், அடித்ததை ஒப்பிட்டுப் பார்ப்பதும் மறுபாதி. இந்த வகுப்பில் நீங்கள் எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

நம்ம ஊருக்கே உள்ள சிக்கல்

அந்த ஏழு எழுத்து தவறே இல்லை. அது பிரெஞ்சு முறை. காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைப்பு முழுமையானது. அதுவரை பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பிரெஞ்சு மொழிப் பதிவேட்டில்தான். ஆங்கிலத்தில் “உ” ஒலிக்கு யு ஒன்றைப் போட்டால், பிரெஞ்சில் ஓ, யு என இரண்டைப் போடுவார்கள். “ஜ” ஒலிக்கு முன்னால் ஒரு டி சேர்ப்பார்கள். ஆகவே ராஜு என்ற பெயர் ஆங்கில முறையில் நான்கு எழுத்து, பிரெஞ்சு முறையில் ஆறு எழுத்து. காரைக்கால் என்ற ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, பிரெஞ்சில் ஏழு எழுத்து.

நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ வேலை பார்க்கிற எழுத்தருக்கு இந்தச் சிக்கல் அதிகம் வராது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு வரும். தாத்தாவின் பதிவில் பிரெஞ்சு முறை, அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ஆங்கில முறை, பேரனின் ஆதாரில் யாரோ ஒருவர் காதால் கேட்டு அடித்த முறை. மூன்றும் ஒரே குடும்பம். யூனியன் பிரதேசத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 அக்டோபர் 1 முதல்தான் ஆங்கிலத்தில் புதுச்சேரி என்று அதிகாரப்பூர்வமாக மாறியது. அதற்கு முந்தைய ஆவணங்களில் பாண்டிச்சேரி என்றுதான் இருக்கும். பழைய ஆவணத்தின் நகலில் அதைத் “திருத்தி” அடித்தால் அது நகல் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும். ஆனால் விண்ணப்பங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். பான் அட்டை விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஆதாரில் தலைப்பெழுத்து, பானில் முழுப்பெயர் என்று ஆகி, இரண்டும் பொருந்தாமல் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். கட்டத்தை எப்படி நிரப்புவது என்று ஊகித்து அடிக்காதீர்கள். வந்தவரிடம் மற்ற ஆவணங்களைக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்து அடியுங்கள்.

இப்போது ஏன் இன்னும் கவனம் வேண்டும்?

முன்பு ஒரு தாளில் பிழை இருந்தால் அந்தத் தாளோடு போயிற்று. இப்போது ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குத் தகவல் போகிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. இன்றைக்கு ஒரு குழந்தையின் பதிவில் நீங்கள் அடிக்கிற ஒரு எழுத்து, அந்தக் குழந்தை பெரியவனாகி வேலைக்குப் போகிற வரை கூடவே போகும்.

திருத்தலாமே என்று கேட்பீர்கள். திருத்தலாம், ஆனால் அளவு உண்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான். எழுத்தரின் கவனக்குறைவுக்கு, குடிமகன் தன் வாய்ப்பில் ஒன்றைச் செலவழிக்கிறார். அது நியாயமா, நீங்களே சொல்லுங்க.

முதல் பாடம்: விசைப்பலகை

இனி என்ன கற்கப்போகிறோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு நடத்தும் எழுத்தர் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சுக்கு நிமிடத்துக்கு 35 சொல் கேட்கிறார்கள். ஒரு சொல் என்றால் ஐந்து விசை என்று கணக்கு. அதாவது மணிக்கு 10,500 விசை. விநாடிக்கு மூன்று விசை. கேட்கப் பயமாக இருக்கும். தினமும் முக்கால் மணி நேரம், பத்து விரலாலும், விசைப்பலகையைப் பார்க்காமல் அடித்துப் பழகினால் சில மாதத்தில் வந்துவிடும். இரண்டு விரலால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஓர் அளவுக்கு மேல் போகாது. தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். பக்கத்து ஊர்களில் தட்டச்சுப் பயிலகங்கள் இன்றைக்கும் நடப்பதற்கு அந்தச் சான்றிதழுக்கு இருக்கிற மதிப்பே காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 98 விழுக்காடு சரியாக அடிக்கிறேன் என்று ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். ஒரு விண்ணப்பத்தில் 300 விசை அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விழுக்காடு என்றால் ஆறு பிழை. அந்த ஆறில் ஒன்று பிறந்த ஆண்டில் விழலாம், ஒன்று கதவு எண்ணில் விழலாம். தேர்வில் 98 நல்ல மதிப்பெண். கவுன்ட்டரில் அது போதாது.

தமிழில் அடிப்பதையும் கற்றே ஆக வேண்டும். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். எழுத்தர் வேலையின் கஷ்டம் தெரிந்தவர் செய்த பொறி அது. கணினிக்கு வந்தபோது ஆளுக்கொரு விசைப்பலகை என்று குழப்பம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஒரு பொது அமைப்பை ஏற்றது. அதுதான் தமிழ் 99.

தமிழ் 99 பழக எளிது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், அதிகம் வரும் மெய்கள் வலக்கைப் பக்கம். “காரைக்கால்” என்று அடிக்க க, ஆ, ர, ஐ, க, க, ஆ, ல, புள்ளி என்று ஒன்பது விசை போதும். இரண்டு க அடுத்தடுத்து அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பிறகு க அடித்தாலும் அப்படியே. “சங்கம்” என்பதற்கு ஐந்தே விசை. இதையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர் “காரைக்கால்” என்பதற்குப் பதினோரு விசை அடிக்க வேண்டும். ஒரு சொல்லில் இரண்டு விசை மிச்சம் என்றால் ஒரு பக்கத்தில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

எப்போதும் யூனிகோட் எழுத்துருவில் அடியுங்கள். பழைய எழுத்துரு ஒன்றில் அடித்து அனுப்பினால் வாங்குபவரின் கைப்பேசியில் கோழி கிளறினது போலத் தெரியும்.

இரண்டாம் பாடம்: அட்டவணைத் தாள்

எக்செல் கற்றுக்கொண்டேன் என்று நிறையப் பேர் சொல்வார்கள். கூட்டல் போடத் தெரியும், வண்ணம் அடிக்கத் தெரியும். ஆனால் எக்செல் நாம் அடித்ததை நம்மைக் கேட்காமலே மாற்றும் என்பது தெரியாது. நான்கு இடங்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முன்னால் வரும் பூஜ்யம். காரைக்காலின் தொலைபேசிக் குறியீடு 04368. அதை அப்படியே அடித்து என்டர் தட்டினால் 4368 என்று நிற்கும். பூஜ்யம் காணாமல் போய்விடும்.

இரண்டு, நீளமான எண். 12 இலக்க ஆதார் எண்ணை அடித்தால் நடுவில் புள்ளியும் ஈ என்ற எழுத்தும் போட்டுச் சுருக்கிக் காட்டும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். எக்செல் 15 இலக்கத்தைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. உதவித்தொகைப் பட்டியலில் இது நடந்தால், பணம் போய்ச் சேராது.

மூன்று, தேதி. 03/04/1968 என்று அடிக்கிறீர்கள். நமக்கு அது ஏப்ரல் 3. கணினி அமெரிக்க முறையில் வைக்கப்பட்டிருந்தால் அதற்கு அது மார்ச் 4. 25/12/1968 என்று அடித்தால் 25-ஆவது மாதம் இல்லாததால் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துவிடும். ஒரே பட்டியலில் பாதி சரி, பாதி தப்பு.

நான்கு, ஆண்டின் இரண்டு இலக்கம். 1928-இல் பிறந்த ஒருவரின் பழைய பதிவை ஏற்றும்போது 28 என்று மட்டும் அடித்தால் 2028 ஆகிவிடும். பாட்டி இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி சொல்லும்!

இதற்கெல்லாம் மருந்து எளிது. எண்ணை அடிக்கும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் “டெக்ஸ்ட்” என்று மாற்றிவிடுங்கள். அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். ஆண்டை நான்கு இலக்கத்தில் மட்டும் அடியுங்கள். கூட்டிக் கழிக்காத எண் எதுவாக இருந்தாலும் அதை எழுத்தாகவே வையுங்கள். ஆதார், கணக்கு எண், பின்கோடு, தொலைபேசி எல்லாம் அந்த வகைதான்.

மூன்றாம் பாடம்: கடிதமும் கோப்பும்

அலுவலகக் கடிதத்தில் “பொருள்”, “பார்வை” என்று இரண்டு வரி வரும். பொருள் என்பது இந்தக் கடிதம் எதைப் பற்றி என்பது. பார்வை என்பது இதற்கு முன் வந்த கடிதத்தின் எண்ணும் நாளும். பார்வை வரியில் எண் தவறினால் கோப்பைத் தேடுகிறவர் கிடங்கில் ஒரு மணி நேரம் தேடுவார். கோப்பு கிடைக்கவில்லை என்றால் மனு போட்டவர் காத்திருப்பார்.

கணினியில் சேமிக்கிற கோப்புக்கும் அப்படித்தான். “ஸ்கேன் 1”, “நியூ”, “ஃபைனல் ஃபைனல்” என்று பெயர் வைத்தால் அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது. ஆண்டு, மாதம், நாள், பிறகு பொருள், பிறகு மனு எண் என்று ஒரே வரிசையில் பெயர் வையுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும்போது இன்னொருவர் ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கும்படி இருக்க வேண்டும்.

நம்முடைய வேலைகள் அரசு அலுவலகத்தில் மட்டும் இல்லை. துறைமுகத்தில் சரக்கு வரவு எழுதுகிறவரும், மருத்துவமனையில் சேர்க்கைச் சீட்டு அடிப்பவரும், திருநள்ளாற்றில் தங்கும் விடுதியில் பதிவு போடுபவரும், தணிக்கையாளர் அலுவலகத்தில் ரசீது ஏற்றுபவரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். புதுச்சேரி அரசுப் பணிக்குப் போனால் மாஹேவுக்கோ ஏனாமுக்கோ மாற்றல் வரலாம். அங்கே மலையாளப் பெயர், தெலுங்குப் பெயர். பெயரை ஊகிக்காமல் பார்த்து அடிக்கும் பழக்கம் அங்கேயும் காப்பாற்றும்.

நான்காம் பாடம்: ஒப்பு நோக்குதல்

பழைய பத்திர நகல்களின் அடியில் பார்த்திருப்பீர்கள். “படித்தவர்”, “ஒப்பு நோக்கியவர்” என்று இரண்டு பெயரின் கையெழுத்து இருக்கும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் நகலில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவார். ஜெராக்ஸ் இல்லாத காலத்து வழக்கம் அது. இன்றைக்கும் அதைவிட நல்ல முறை இல்லை. இந்த வகுப்பில் ஒவ்வொரு பயிற்சியும் இருவர் இருவராகத்தான் நடக்கும். ஒருவர் அடிப்பார், மற்றவர் ஒப்பு நோக்குவார், பிறகு மாறிக்கொள்வீர்கள்.

தனியாக இருக்கும்போது எண்களை வலமிருந்து இடமாகப் பாருங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். முழுச் சொல்லாகப் படித்தால் இருக்க வேண்டியதை மனம் பார்க்கும், இருப்பதைக் கண் பார்க்காது.

மிக நல்ல வழி ஒன்று உண்டு. திரையை வந்தவர் பக்கம் திருப்பி, “அம்மா, சரியா இருக்கான்னு பாருங்க” என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் நீங்கள் படித்துக் காட்டுங்கள். அரை நிமிட வேலை. நான் அந்த அம்மாவிடம் அன்றைக்கு அதைச் செய்திருந்தால், “ஓய்வூதியத் தாள்ல எப்படி இருக்கோ அப்படியே போடுப்பா” என்று சொல்லியிருப்பார்.

கையில் இருக்கிற கைப்பேசியே பயிற்சிக்கூடம்

வீட்டில் கணினி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஓ.டி.ஜி. இணைப்பான் ஒன்றை மாட்டி, சாதாரண விசைப்பலகையைச் செருகி அடிக்கலாம். கூகுள் டாக்ஸ், கூகுள் ஷீட்ஸ் இரண்டையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தமிழ் 99 அமைப்பு ஐபோனிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலி வழியாகக் கிடைக்கும். பேசினால் எழுத்தாக்கும் வசதியும் இருக்கிறது, வரைவு எழுத நன்றாக உதவும். ஆனால் ல, ள, ழ மூன்றையும் ந, ன, ண மூன்றையும் அது குழப்பும். பெயரையும் எண்ணையும் குரலில் சொல்லாமல் கையால் அடியுங்கள்.

ஒரு கட்டுப்பாடு. அடுத்தவரின் ஆதாரையோ வங்கிப் புத்தகத்தையோ உங்கள் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பயிற்சிக்கு உங்கள் சொந்த விவரத்தையோ கற்பனை விவரத்தையோ பயன்படுத்துங்கள். அடையாளத்துக்கு மட்டும் ஆதார் நகல் தேவைப்பட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிக் கொள்ளலாம்.

சான்றிதழ் எங்கே, ஏமாற்று எங்கே?

மத்திய அரசின் நைலிட் நிறுவனம் சி.சி.சி. என்ற அடிப்படைக் கணினித் தேர்வை நடத்துகிறது. 80 மணி நேரப் பாடத்திட்டம். 100 கேள்வி, 90 நிமிடம், தேர்ச்சிக்கு 50 விழுக்காடு. பயிற்சி நிலையத்தில் சேராமல் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு முழுதாகப் படிக்க முடிந்தவர்கள் ஐ.டி.ஐ.-யில் கோபா என்ற கணினி இயக்குநர் பிரிவைக் கேட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் செயலியில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு தனியார் நிலையத்தில் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழ் யார் கொடுப்பது? நான் விண்ணப்பிக்கப்போகிற வேலையின் அறிவிப்பில் அந்தச் சான்றிதழின் பெயர் இருக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விசைப்பலகை என் கையில் இருக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் இவ்வளவு சம்பளம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். பணம் கட்டின பிறகு, அடித்ததில் பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், வழக்குப் போடுவோம் என்று மிரட்டி இன்னும் பணம் கேட்பார்கள். சம்பளம் கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். அதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

இதைப் படிக்கிற எல்லோரும் எழுத்தர் ஆகப்போவதில்லை. ஆனால் எல்லோரும் ஒரு நாள் ஒரு மேசையின் முன்னால் நிற்பீர்கள். அதற்கும் ஒரு வார்த்தை. போவதற்கு முன் உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் எந்தெந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், “எனக்கு இந்த ஆவணத்தில் இருக்கிறபடி வேண்டும்” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பொதுச் சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால் “சமர்ப்பி” என்பதை அழுத்தும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. கேட்டால் கோபப்படுவார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல எழுத்தர் அதற்கு நன்றி சொல்வார்.

இன்றைய முதல் பயிற்சி

நேரமாயிற்று, முடிக்கிறேன். முதல் பயிற்சி இதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அவருடைய பெயரையும் தாத்தா அல்லது பாட்டியின் பெயரையும் கேளுங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை அடியுங்கள். ஆங்கிலத்தில் எந்த எழுத்துகள் என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பிறகு திரையை அவர் பக்கம் திருப்புங்கள். அவர் “சரி” என்று சொன்ன பிறகுதான் சேமிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. வேகம் பிறகு வரும். அந்த அம்மா, உங்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் கணவரின் பெயரை என் கையில் கொடுத்தார். நாளைக்கு உங்கள் மேசைக்கு வருகிறவரும் அப்படித்தான் கொடுப்பார்.

சரி, விசைப்பலகையில் கை வையுங்கள். ஆரம்பிக்கலாம்.